அயிரை மலையும் ஓரடிகளின் சோறும்
பழனி, கொடைக்கானல் செல்வோர் அறிய வேண்டிய வரலாறு

கோடை விடுமுறை தொடங்கியவுடன் தமிழகத்தின் வடபகுதியிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்படும் குடும்பங்களுள் பெரும்பாலானவை கொடைக்கானலைக் கண்டு திரும்புவதை வழக்கமாகக் கொண்டுள்ளன. வந்தவாசி, செஞ்சி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் வாழும் தமிழ்ச் சமணக் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. ஏரியில் படகேறி, பூங்காவில் உலாவி, தூண்பாறைகளை முகில் மூடித் திறப்பதைக் கண்டு மகிழ்ந்து, பழனி வழியாகவோ வத்தலக்குண்டு வழியாகவோ இறங்கி ஊர் திரும்புகின்றனர். எங்கே தங்குவது, எங்கே உண்பது, எவற்றைக் காண்பது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடைகூறும் கையேடுகள் பல உள. எனினும், இம்மலைத்தொடருக்கு வந்த விருந்தினர் ஒருவருக்கு உணவளிக்க ஏற்பாடு செய்யப்பட்டதைக் கூறும் பழைய கல்வெட்டு ஒன்று பழனிக்கு மேற்கே ஒரு குன்றின்மேல் இருப்பதை அவற்றுட் பல கூறுவதில்லை. அவ்வேற்பாட்டைச் செய்தவர் ஒரு சமண ஆசிரியர். உணவு பெற்றவர் ஒரு சமணத் துறவி. காலம் கி.பி. 870. அக்குன்றின் வரலாற்றையும், அதன் நிழலில் வளர்ந்த இன்றைய சுற்றுலாவின் வரலாற்றையும் ஒருங்கே எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொதினியும் பொருந்தலும்

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கிக் கிளைத்து நிற்பது பழனி மலைத்தொடர். சங்க நூல்கள் இதன் அடிவாரத்து ஊரைப் பொதினி என வழங்கின. ஆவியர் குடியினர் இப்பகுதியை ஆண்டனர். அக்குடியிற் பிறந்த வையாவிக் கோப்பெரும் பேகன், குளிரில் நடுங்குவதாகத் தான் கருதிய மயிலுக்குத் தன் போர்வையை ஈந்து கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகப் புகழ்பெற்றான். பறவைக்குப் போர்வை எதற்கு என்று எண்ணிப் பாராமல் இரங்கிய அந்நெஞ்சத்தைப் புலவர்கள் போற்றினர். பேகன் எச்சமயத்தைச் சார்ந்தவன் என ஆராய்தல் வேண்டா. ஓரறிவுயிர் முதல் ஐயறிவுயிர் வரை எல்லாவற்றின்மீதும் இரக்கம் கொள்ளுதலை அறத்தின் வேராகக் கொண்ட சமணர்க்கு, தம் முன்னோர் நடந்து பழகிய மலையின் தலைவன் ஒரு மயிலின் பொருட்டு நினைக்கப்படுகின்றான் என்பது மகிழ்ச்சி தருவதாகும்.

சங்க காலத்துக்கும் முற்பட்ட வாழ்க்கைக்கு இம்மலையடிவாரத்திற் சான்று உண்டு. பழனிக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பொருந்தலில், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் 2009, 2010ஆம் ஆண்டுகளில் அகழாய்வு நடைபெற்றது. அங்கு ஓர் ஈமக்குழியில் நான்கு கால்களையுடைய சாடி ஒன்று கிடைத்தது. அதனுள் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல் இருந்தது. அந்நெல்லின் காலம் அறிவியல் முறைப்படி கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டது. அதே குழியிற் கிடைத்த பிரிமனை ஒன்றில் வயிரம் என்னும் பொருள்படும் தமிழி எழுத்துகள் காணப்பட்டன. கண்ணாடி மணிகள் செய்யும் தொழில் அவ்வூரில் நடைபெற்றதும் தெரியவந்தது. மறைந்தவர்க்கும் நெல் வைத்து வழியனுப்பிய மக்கள் வாழ்ந்த நிலம் இது.

சேர நாட்டிலிருந்து பாலைக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கு நாட்டுக்குள் நுழைந்து, கொழுமம், பழனி ஆகியவற்றைக் கடந்து மதுரையை நோக்கிச் செல்லும் பெருவழி இப்பகுதியை ஊடுருவிச் சென்றது. பழனியை அடுத்த களையம்புத்தூரில் 1856ஆம் ஆண்டில் உரோமானியப் பொற்காசுப் புதையல் கிடைத்தமை, அவ்வழியில் வணிகம் செழித்திருந்ததைக் காட்டும். வணிகர் நடந்த வழியில் துறவிகளும் நடந்தனர். வணிகச் சாத்துகளின் துணையோடு நாடு கடந்து செல்வதும், வழியருகே உள்ள குன்றுகளின் குகைத்தளங்களில் தங்கி அறம் உரைப்பதும் சமண முனிவர்களின் வழக்கமாக இருந்தன. மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் அவர்களுக்காக வெட்டப்பட்ட கற்படுக்கைகள் இன்றும் உள. கொங்குக்கும் பாண்டி நாட்டுக்கும் இடைப்பட்ட இவ்வழியில் அவர்களுக்கு அமைந்த பெரும்பள்ளி ஐவர்மலையாகும்.

ஐவர்மலை

பழனியிலிருந்து கொழுமம் செல்லும் சாலையில், ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், பாப்பம்பட்டியை அடுத்து ஐவர்மலை நிற்கின்றது. பழனி மலைத்தொடரைத் தெற்கே பின்புலமாகக் கொண்டு, சமவெளியில் தனித்து எழுந்த குன்று இது. பாண்டவர் ஐவர் தம் வனவாசத்தில் இங்குத் தங்கினர் என்றும், அதனால் இப்பெயர் வந்தது என்றும் வட்டார மக்கள் கூறுவர். கல்வெட்டோ இம்மலையைத் திருவயிரை எனக் குறிக்கின்றது. பதிற்றுப்பத்திற் பேசப்படும் அயிரை மலை இதுவே எனக் கருதும் அறிஞரும் உளர். அயிரை என்னும் பழம்பெயர் மக்கள் நாவில் ஐவர் எனத் திரிந்து, பின்னர் அதற்கேற்பப் பாண்டவர் கதை இணைந்தது எனக் கொள்ளுதல் பொருத்தமாகத் தோன்றுகின்றது.

மலைமேல் இயற்கையாக அமைந்த நீண்ட குகைத்தளம் ஒன்று உள்ளது. ஏறத்தாழ 160 அடி நீளம் கொண்ட அதன் முகப்பில், தலைக்கு மேலே கவிந்துள்ள பாறையின் புருவத்தில், தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்கள் 16 வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. சில நின்ற கோலத்தின. சில அமர்ந்த கோலத்தின. தலைக்குமேல் விரிந்த நாகப்படத்தால் பார்சுவநாதரை எளிதில் அடையாளம் காணலாம். சிற்பங்களின் அருகே வட்டெழுத்தில் சிறு சிறு கல்வெட்டுகள் உள. அவை அச்சிற்பங்களைச் செய்வித்தோரின் பெயர்களைக் கூறுவன. அச்சணந்தி, இந்திரசேனன், மல்லிசேனப் பெரியார் முதலிய பெயர்கள் அவற்றுள் அடங்கும்.

இவருள் அச்சணந்தி தமிழ்ச் சமண வரலாற்றில் தனியிடம் பெற்றவர். மதுரைக்கு அருகே ஆனைமலையிலும், அழகர்மலையிலும், தெற்கே சிதறாலிலும், வடக்கே வள்ளிமலையிலும் அவர் பெயர் பாறைகளிற் பொறிக்கப்பட்டுள்ளது. பழனி மலைத்தொடரின் தென்மேற்கே, கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள உத்தமபாளையத்தின் கருப்பணசாமி பாறையிலும் அவர் பெயரைக் காணலாம். திருக்குணகிரி எனப் பெயர்பெற்ற அப்பள்ளியும் ஐவர்மலையும் ஒரே மலைத்தொடரின் இரு மருங்கிலும் அமைந்தவை. இன்று சுற்றுலாப் பயணிகள் ஊர்தியில் ஏறி இறங்கும் இம்மலையைச் சுற்றி, ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே சமண முனிவர்கள் காலால் நடந்து வலம்வந்துள்ளனர் என்பதற்கு இவ்விரு பள்ளிகளே சான்று.

சக ஆண்டு 792

ஐவர்மலைக் கல்வெட்டுகளை 1905ஆம் ஆண்டில் கல்வெட்டுத் துறையினர் படியெடுத்தனர். அவற்றுள் ஒன்று தமிழக வரலாற்றாசிரியர் அனைவரும் அறிந்தது. அது வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டையும், அதற்கு நேரான சக ஆண்டு 792ஐயும் ஒருங்கே தருகின்றது. சக ஆண்டோடு 78 கூட்டினால் கி.பி. 870 கிடைக்கும். அதிலிருந்து எட்டாண்டுகளைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, இரண்டாம் வரகுணன் கி.பி. 862ஆம் ஆண்டையொட்டி முடிசூடினான் என அறிஞர் முடிவு செய்தனர். பாண்டிய மன்னர் பலரின் கல்வெட்டுகள் ஆட்சியாண்டை மட்டுமே குறிப்பதால், அவர்தம் காலத்தை உறுதி செய்வது கடினம். அந்நிலையில் முற்காலப் பாண்டியர் காலவரிசைக்கு உறுதியான ஊன்றுகோலாக அமைந்தது இக்கல்வெட்டு. பள்ளிப் பாடநூலில் மாணாக்கர் மனனம் செய்யும் ஓர் ஆண்டு, ஒரு சமணப் பள்ளியின் பாறையிலிருந்து பெறப்பட்டது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

வரலாற்றாசிரியர்க்கு ஆண்டு பெரிதாயிற்று. ஆயினும் கல்வெட்டைப் பொறித்தவரின் நோக்கம் வேறு. குணவீரக் குரவடிகளின் மாணாக்கராகிய சாந்திவீரக் குரவர், திருவயிரை மலையில் இருந்த பார்சுவநாதர் திருவுருவத்தையும் இயக்கியர் திருவுருவங்களையும் புதுப்பித்தார். அவற்றுக்கு முட்டின்றித் திருவமுது படைப்பதற்கும், அடிகள் ஒருவருக்குச் சோறு அளிப்பதற்குமாக 505 காணம் பொன்னை அறக்கட்டளையாக வைத்தார். கல்வெட்டின் செய்தி இவ்வளவே. நீண்ட மெய்க்கீர்த்தி இல்லை; புகழுரை இல்லை. இச்சில சொற்களுள் சிந்திக்கத்தக்க செய்திகள் மூன்று உள.

முதலாவது, புதுப்பித்தார் என்னும் செய்தி. கி.பி. 870இல் புதுப்பிக்கப்பட்டதாயின், அத்திருவுருவங்கள் அதற்கு முன்பே பழமை எய்தியிருந்தன. எனவே இப்பள்ளி வரகுணன் காலத்துக்கு முற்பட்டது. சாந்திவீரக் குரவர் தம் பெயர் விளங்கப் புதியதொரு திருவுருவம் செய்வித்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யாமல், முன்னோர் செய்து சிதைந்திருந்ததைச் சீர்செய்தார். அதையே பதிவு செய்யத்தக்க அறமாகவும் கருதினார்.

இரண்டாவது, பொன் பற்றியது. துறவிக்குப் பொன் ஏது என்னும் ஐயம் எழலாம். குரவர் என்பது ஆசிரியரைக் குறிக்கும் சொல். உடைமை யாவும் துறந்த ஆசிரியர் ஒருவர் தம் சொந்தப் பொருளாக 505 காணம் வைத்திருத்தல் இயலாது. இல்லறத்தார் அளித்த பொன்னை ஒன்றுதிரட்டி, அறத்துக்கு உரியதாக்கி, அதன் பொறுப்பைத் தாங்கி நின்றவர் அவர் எனக் கொள்வதே பொருந்தும். அந்நாளில் கோயிலுக்கும் பள்ளிக்கும் அளிக்கப்படும் பொன்னை முதலாக வைத்து, அதன் பலிசையாகிய வட்டியைக் கொண்டே அறம் நடத்துதல் வழக்கம். முதல் குறையாது, அறம் முட்டாது. பெயர் பொறிக்கப்படாத சிராவகர் பலரின் உழைப்பு அந்த 505 காணத்துள் அடங்கியிருத்தல் வேண்டும்.

மூன்றாவது, ஓரடிகளுக்குரிய சோறு. நூறு பேருக்கு அன்னமிட்டதாகக் கல்வெட்டு கூறவில்லை. ஒரே ஒரு துறவிக்கு உணவு என்கின்றது. திகம்பர மரபில் முனிவர் நாளொன்றுக்கு ஒருமுறை மட்டுமே, பகற்பொழுதில், நின்றவாறு, தம் கைகளையே கலமாகக் கொண்டு உண்பர். வேண்டும் என்று கேளார், தமக்கெனச் சமைப்பிக்கமாட்டார். முறைப்படி அளிப்பார் இல்லையெனில் அன்று உண்ணாமலே திரும்புவர். அத்தகைய ஒருவர் எந்நாளில் இம்மலைக்கு வந்தாலும், அந்நாளில் அவருக்கு ஒரு வேளை உணவு உறுதியாக இருத்தல் வேண்டும் என்பதற்கே அவ்வளவு பொன் வைக்கப்பட்டது. ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் முதலாவதன் சிறப்பு இதனால் விளங்கும். ஓராண்டுக்கும் மேலாக உணவின்றி இருந்த ஆதிபகவனுக்குச் சிரேயாம்ச மன்னன் கரும்புச்சாறு அளித்த நாளையே அட்சய திருதியை எனச் சமணர் இன்றும் கொண்டாடுகின்றனர். அத்தினாபுரத்தில் அம்மன்னன் செய்ததையே அயிரை மலையில் சாந்திவீரக் குரவர் நிலைபெறச் செய்தார்.

இவ்வறம் நிகழ்ந்த காலத்து மன்னன் வரகுணன் சிவபத்தியாற் பெரும்புகழ் பெற்றவன் என்பதும் கருதத்தக்கது. சைவ மன்னனின் ஆட்சியாண்டைக் குறித்தே சமண ஆசிரியர் தம் அறத்தைப் பொறித்தார். சமயங்கள் வாதிட்டதும் உண்டு; ஒரே நாட்டில் அண்டை வாழ்ந்ததும் உண்டு. பாறை பின்னதற்குச் சான்றளிக்கின்றது.

இன்றைய ஐவர்மலை

காலம் செல்லச் செல்ல இப்பகுதியில் சமணர் குறைந்தனர். பள்ளி வெறிச்சோடியது. ஆனால் மலை கைவிடப்படவில்லை. குகைத்தளத்தில் திரௌபதி அம்மன் வழிபாடு இடம்பெற்றது. ஆடி அமாவாசையன்று சுற்றுவட்டார மக்கள் பெருந்திரளாக இங்கு வந்து, மறைந்த முன்னோரை நினைந்து வழிபடுகின்றனர். சமணச் சின்னம் உள்ள இடத்தில் வேறு தெய்வ வழிபாடு நிகழ்வதைக் கண்டு வருந்துவோர் உளர். அவ்வருத்தத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. எனினும் மற்றொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தமிழகத்தில் வழிபாடும் வருகையும் அற்றுப்போன குன்றுகள் பல கல்லுடைப்புக்கு இரையாயின. மக்கள் புனிதமெனக் கருதிக் காலடி வைத்த குன்றுகள் பெரும்பாலும் தப்பின. மதுரைக்கு அருகே சமணச் சின்னங்களைத் தாங்கிய அரிட்டாபட்டி 2022ஆம் ஆண்டில் தமிழகத்தின் முதற் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டதற்கு அவ்வூர் மக்களின் பற்றும் ஒரு காரணம். ஐவர்மலையின் தீர்த்தங்கரர் திருவுருவங்களும் அம்மலையை நேசிக்கும் உழவர் குடும்பங்களின் காவலிலேயே நெடுங்காலம் இருந்து வந்துள்ளன. அவர்களை அயலாராகக் கருதாமல், விருந்தளிப்போராகக் கருதிப் பணிவுடன் செல்வதே முறை.

மலைமேல் எழுந்த புதிய ஊர்

ஐவர்மலையிலிருந்து நோக்கினால் தெற்கே நீலநிறத்தில் உயர்ந்து தோன்றும் மலைமுடிகளுக்கு அப்பால் கொடைக்கானல் உள்ளது. ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் உள்ள அந்நகர் இருநூறு ஆண்டுகளுக்கு உட்பட்டதே. ஆயினும் மலைமேல் மனித வாழ்க்கை புதியதன்று. பளியர் தொல்குடியினர் காட்டிலேயே வாழ்ந்தனர். தாண்டிக்குடி முதலிய கீழ்மலை ஊர்களில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் உள. அவற்றை ஆராய்ந்து ஆங்கிலேட் என்னும் பாதிரியார் எழுதிய நூலைத் தொல்லியல் துறை 1928ஆம் ஆண்டில் வெளியிட்டது. மன்னவனூர், பூம்பாறை போன்ற மேல்மலை ஊர்களும் ஐரோப்பியர் வருகைக்கு முற்பட்டவையே.

1821ஆம் ஆண்டில் வார்டு என்னும் படைத்துறை அளவையாளர் இம்மலையை அளந்தார். 1845ஆம் ஆண்டில் மதுரையிலிருந்த அமெரிக்க மறைப்பணியாளர் இங்கு முதல் வீடுகளைக் கட்டினர். சமவெளியின் வெப்பத்திலும் கொள்ளைநோயிலும் தம் குழந்தைகளைப் பறிகொடுத்த அவர்கள் உயிர் பிழைப்பதற்காகவே மலையேறினர். பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதை ஒன்றே வழியாக இருந்தது. மகளிரும் முதியோரும் டோலியில் அமர, கூலியாட்கள் அவர்களைத் தோளிற் சுமந்து ஏறினர். மோட்டார் செல்லும் மலைச்சாலை இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில்தான் பயன்பாட்டுக்கு வந்தது.

மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த லெவிஞ்சு 1863ஆம் ஆண்டில் ஓடையை மறித்து அணைகட்டி ஏரியை உருவாக்கினார். அவ்வேரியின் மிகைநீரே, நகருக்கு வரும் வழியில் பயணிகள் நின்று காணும் வெள்ளி அருவியாக விழுகின்றது. 1872ஆம் ஆண்டில் கோக்கர் என்னும் அலுவலர் மலைவிளிம்பில் அமைத்த நடைபாதை அவர் பெயராலேயே வழங்குகின்றது. வானம் தெளிந்த காலைப்பொழுதில் அங்கிருந்து சமவெளி விரிந்து தெரியும். 1908ஆம் ஆண்டில் பிரையண்ட் பூங்கா அமைக்கப்பட்டது. சென்னையில் இருந்த வானாய்வு நிலையத்தின் பணி விரிவடைந்து 1899ஆம் ஆண்டில் கொடைக்கானலில் சூரிய ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. 1909ஆம் ஆண்டில் எவர்செட் என்னும் அறிஞர், சூரியனின் கரும்புள்ளிகளில் வாயுக்கள் மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை அங்கிருந்தே கண்டறிந்தார். இன்றும் உலக அறிவியலார் அதனை எவர்செட் விளைவு என்றே வழங்குகின்றனர். பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் படகுத்துறையில் கழிக்கும் நேரத்தில் ஒரு பகுதியை இவ்வாய்வுக்கூடத்துக்கு ஒதுக்குதல் நலம்.

குறிஞ்சி ஆண்டவர் கோயில் 1936ஆம் ஆண்டில் எழுந்தது. இலங்கைத் தமிழ்ப் பெருமகனார் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, லீலாவதி எனப் பெயர் பூண்ட மேலைநாட்டு அம்மையார் அதனைக் கட்டுவித்தார். அங்கிருந்து வடக்கே நோக்கினால் பழனிக் குன்றும் சமவெளியும் தெரியும். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006, 2018ஆம் ஆண்டுகளில் மலர்ந்தது. அடுத்து 2030இல் மலரும்.

உணவும் ஒழுக்கமும்

கொடைக்கானல் செல்லும் சமணக் குடும்பத்தார்க்கு உணவு பற்றிய கவலை இயல்பு. மேலைநாட்டார் வரவால் இம்மலையிற் பரவிய உருளைக்கிழங்கும் காரட்டும் நிலத்தடியில் விளைவன. பூம்பாறை முதலிய ஊர்களில் விளையும் மலைப்பூண்டு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. கிழங்கும் பூண்டும் விலக்கும் நோன்புடையோர்க்கு இம்மலையின் புகழ்பெற்ற விளைபொருள்கள் பலவும் ஆகா. பழனிப் பஞ்சாமிர்தமும் அதே ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. மலைவாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, நெய், ஏலக்காய் ஆகியவற்றோடு தேனும் அதிற் சேர்வது. கள், புலால், தேன் மூன்றையும் விலக்குதல் சமண இல்லறத்தாரின் அடிப்படை ஒழுக்கம் ஆதலின், நோன்புடையோர் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

விலக்கத்தக்கன இவையாயின், கொள்ளத்தக்கனவும் இம்மலையில் நிறைய உள. விருப்பாச்சி மலைவாழை, பேரிக்காய், பிளம்சு, வெண்ணெய்ப்பழம், ஆரஞ்சு என மரத்திற் பழுப்பன பருவந்தோறும் கிடைக்கின்றன. முட்டைக்கோசு, பீன்சு, பட்டாணி முதலியனவும் மலையில் விளைகின்றன. சமைத்து உண்ண வசதியுள்ள விடுதிகளில் தங்குவோர் அரிசியும் பருப்பும் உடன்கொண்டு செல்லின் இடர் இல்லை. மலையில் மாலை மூடுபனி விரைந்து இறங்கும். பனி கவிந்தபின் பொழுது சாய்ந்ததை உணர்வது அரிது. எனவே இரவுண்ணாமை காப்போர் மாலை ஐந்தரை மணிக்குள் உணவை முடித்துக்கொள்ளும் வகையில் அன்றைய பயணத்தை வகுத்தல் வேண்டும். பகலுணவைத் தள்ளிப்போட்டு ஊர்தியிலேயே சுற்றும் வழக்கம் இங்குப் பொருந்தாது.

உயிர்க்கருணையும் பயணத்தின் பகுதியே. சோலைக்காடுகளை உள்ளடக்கிய பெரும்பகுதி 2013ஆம் ஆண்டில் வனவுயிர்ச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. குரங்குகளுக்குத் தின்பண்டம் எறிவது கருணையாகத் தோன்றினாலும், அது அவற்றைச் சாலைக்கு ஈர்த்து ஊர்திகளுக்குப் பலியாக்குகின்றது. ஞெகிழிப் பையை விழுங்கும் காட்டெருமையின் துன்பத்துக்கு அதை எறிந்தவரே பொறுப்பு. சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகியோடு வழிநடந்த கவுந்தியடிகள், காலடியில் சிற்றுயிர்கள் நசுங்காமல் நடக்கக் கூறிய அறிவுரையை மலைச்சாலையில் ஊர்தி செலுத்துவோரும் நினைத்தல் தகும். நெரிசலைக் கட்டுப்படுத்த உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானல் செல்லும் ஊர்திகளுக்கு இ-பாஸ் பெறவேண்டும் என்னும் முறை வந்தது. புறப்படுமுன் அதனையும் பெற்றுக்கொள்ளுதல் வேண்டும்.

செல்லும் முறை

பழனியில் இரவு தங்குவோர் மறுநாள் வைகறையிற் புறப்பட்டால், வெயில் ஏறுமுன் ஐவர்மலையில் ஏறி வழிபட்டு இறங்கலாம். முதியோர் மெல்ல ஏறுதல் நன்று. குடிநீரும் சிற்றுணவும் உடன்கொண்டு செல்லல் வேண்டும். அங்கிருந்து பழனிக்குத் திரும்பி, ஏறத்தாழ 64 கிலோமீட்டர் மலைச்சாலையில் பயணம் செய்தால் பிற்பகலுக்குள் கொடைக்கானலை அடையலாம். திரும்பும்போது வத்தலக்குண்டு வழியாக இறங்கித் தேனி சாலையில் செல்வோர், உத்தமபாளையத்துத் திருக்குணகிரியையும் கண்டு வரலாம்.

குகைத்தளத்தில் செய்யத்தகாதன சில உள. பாறைச் சிற்பங்களின்மீது எண்ணெயோ பாலோ சந்தனமோ பூசுதல் கூடாது. ஆலயத்தில் நிறுவப்பட்ட திருமேனிக்குச் செய்யும் திருமஞ்சனம் வேறு. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாக வெயிலிலும் மழையிலும் நிற்கும் பாறைப்புடைப்பு வேறு. எண்ணெய்ப் பிசுக்கு எழுத்துகளை மூடிவிடும். வட்டெழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சுண்ணாம்புக் கட்டியால் அதன்மேல் எழுதுவதும் தீங்கே. விரலாலும் தொடாமல், கைகூப்பி வணங்கி, அங்குப் பொறித்துள்ள பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருதலே அவ்விடத்துக்குரிய பூசனை. அம்மன் வழிபாட்டுக்கு வந்திருப்போரிடம் இச்சிற்பங்கள் யாருடையவை என வாதிடுதல் வேண்டா. அவர்கள் கேட்டால், பார்சுவநாதரின் வரலாற்றையும், ஒரு துறவியின் பசிக்காகப் பொன் வைத்த சாந்திவீரக் குரவரின் செயலையும் எடுத்துரைக்கலாம். பசித்தவர்க்குச் சோறிட்ட கதை எவர்க்கும் புரியும்.

505 காணம் பொன் என்னவாயிற்று, அவ்வறம் எத்தனை தலைமுறை நடந்தது என்பதைப் பாறை கூறவில்லை. அளித்தவர் உளர் என்பதை மட்டுமே அது கூறுகின்றது. இன்று தமிழ்ச் சமண ஊர்களிலிருந்து ஆண்டுதோறும் மேல்சித்தாமூருக்கும் திருமலைக்கும் சிரவணபெளகொளாவுக்கும் யாத்திரைகள் புறப்படுகின்றன. அப்பட்டியலில் திருவயிரை மலை இடம்பெறுவது அரிது. அறக்கட்டளைகள் ஆண்டில் ஒருநாளேனும் இளைஞர்களை அங்கு அழைத்துச் சென்று, கல்வெட்டை வாசிக்கக் கற்பித்து, அடிவார ஊர்களின் பிள்ளைகளோடு அமர்ந்து உண்டு திரும்ப ஏற்பாடு செய்யலாம். அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஓர் ஊர்தியும் ஒரு வேளைச் சோறும் போதும்.